அரை நாள் லீவில் புதுச்சேரி தாவரவியல் பூங்கா: நடந்தே சுற்றலாமா?

கேள்வி
எழுதியவர்: மஞ்சக்குப்பம் கணக்கர்

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. மார்ச் பிறந்துவிட்டால் வருடக் கணக்கு முடிக்கிற வேலை, தலை நிமிர முடியாது. அதற்கு முன்னால் ஒரு மத்தியானமாவது எனக்கென்று இருக்கட்டும் என்று வரும் வியாழக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டேன்.

புதுச்சேரிக்குப் போய், அந்தத் தாவரவியல் பூங்காவைப் பார்த்துவிட்டு, ஊருக்குள் நிதானமாக நடக்க வேண்டும் என்று ஆசை. பக்கத்து ஊர்தான். ஆனால் நான் அங்கே போனதெல்லாம் துணி எடுக்க, கல்யாணத்துக்கு, மாமியாரை ஜிப்மருக்குக் கூட்டிக்கொண்டு போக. ஒவ்வொரு முறையும் யாருக்காவது அவசரம் இருக்கும். பூங்கா வாசலை ஆட்டோவில் இருந்தபடியே பார்த்ததோடு சரி.

தனியாகத்தான் போகிறேன். வீட்டில் கேட்டார்கள், "அங்கே போய் என்ன பண்ணப் போறே?" என்று. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், யாரும் கூப்பிடக் கூடாது, அவ்வளவுதான்.

நான் கேட்க நினைப்பது: மத்தியான வெயிலில் நடப்பது சரிப்படுமா? எங்கே ஆரம்பித்து எங்கே முடித்தால் நல்லது? எல்லோரும் கடற்கரையில் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். முட்டி வலி கொஞ்சம் உண்டு, மெதுவாக நடப்பேன். ஒரு பெண் தனியாகப் பூங்காவில் உட்கார்ந்தால் தொந்தரவு இருக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்
எழுதியவர்: பழைய தபால்காரர், நெல்லித்தோப்பு

தங்கச்சிக்கு வணக்கம். இந்த ஊரில் தபால் பையோடு நடந்தே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். முதலில் சைக்கிள், அப்புறம் மொபெட் என்றெல்லாம் வந்தாலும் வீதிக்குள் இறங்கி நடப்பதுதான் எனக்குப் பிடிக்கும். அதனால் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் விரிவாக எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கடற்கரையில் ஆரம்பிக்காதீர்கள். மத்தியானம் இரண்டு மணிக்குக் கடற்கரைச் சாலையில் ஒதுங்க நிழல் கிடையாது. அங்கிருந்து பூங்காவுக்கு வர வேண்டும் என்றால் மேற்கே நடக்க வேண்டும், வெயில் முழுக்க முகத்தில் அடிக்கும். இதையே திருப்பிப் போடுங்கள். வெயில் உச்சியில் இருக்கும்போது மரத்தடியில் இருங்கள். வெயில் சாய்ந்ததும் கிழக்கே பார்த்து நடங்கள், அப்போது சூரியன் முதுகுப் பக்கம் போய்விடும். ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள், அந்த நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்தால் போதும். கடலூரிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பூங்கா ஊரின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. நீங்கள் வருவதே அந்தப் பக்கமாகத்தான்.

பேருந்து நிலையத்தில் இறங்கினால் மறைமலை அடிகள் சாலையில் கிழக்கே நடந்து வந்துவிடலாம். முட்டி வலி என்கிறீர்கள், அதனால் ஏறும்போதே நடத்துனரிடம் "பொட்டானிக்கல் கார்டனுக்கு எங்கே இறங்கணும்" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கொஞ்ச தூரத்தை மிச்சம் பிடித்தால் மாலையில் உதவும்.

பூங்காவைப் பற்றிச் சொல்கிறேன். 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது. பரப்பு 22 ஏக்கர். அழகுக்காக மட்டும் போட்ட தோட்டம் கிடையாது. எந்தப் பயிர், எந்த மரம் இந்த மண்ணுக்கு ஒத்துவரும் என்று நட்டுப் பார்ப்பதற்கான இடமாகத்தான் இருந்திருக்கிறது. பெரோத்தே என்று ஒரு தாவரவியல் அறிஞர், முழுப் பெயர் ழார்ழ் சாமுவேல் பெரோத்தே, இந்தத் தோட்டத்துக்காக உழைத்தவர். சுவிட்சர்லாந்தில் 1793இல் பிறந்தவர். மணிலாவிலிருந்து வெனிலாக் கொடியை ரீயூனியன் தீவுக்குக் கப்பலில் கொண்டுபோனதில் அவருக்கும் பங்கு உண்டு. செனகல், நீலகிரி என்று எங்கெங்கோ செடி தேடி அலைந்தவர் 1870இல் நம் புதுச்சேரியில்தான் காலமானார். கடல் கடந்து வந்த ஒரு கன்று இங்கே பிழைக்குமா என்று தினமும் போய்ப் பார்த்த மனிதர்கள் நடந்த பாதையில்தான் நீங்கள் நடக்கப் போகிறீர்கள். எனக்கு அந்த நினைப்பு ரொம்பப் பிடிக்கும்.

அண்ணா சாலையைக் கவனியுங்கள். பழைய கோட்டை மதில் ஊரைச் சுற்றி ஓடிய வரிசையில்தான் இப்போதைய புல்வார் சாலைகள், அதாவது பழைய ஊரைச் சுற்றிவரும் அகலமான சாலைகள், இருக்கின்றன. 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து மதிலை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். மேற்குப் பக்கத்துப் புல்வார்தான் அண்ணா சாலை. பூங்கா அதற்கு வெளியே. அதாவது பழைய ஊருக்கு வெளியே நின்று ஆரம்பித்து, மதில் ஓடிய எல்லையைத் தாண்டி உள்ளே நுழைந்து, கடல் வரைக்கும் போகிறீர்கள். நடக்கும்போது இது மனதில் இருந்தால் ஊர் எவ்வளவு சின்னது என்பது காலுக்கே தெரியும்.

உள்ளே போனதும் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். குழந்தைகளுக்கான குட்டி ரயில் பாதை, மீன் காட்சியகம் எல்லாம் உண்டு, அதெல்லாம் பிள்ளைகளோடு வரும்போது. நீங்கள் சரளைக்கல் பாதையைப் பிடித்து, கூட்டம் இல்லாத பக்கமாகப் போய், ஏதாவது ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து அதனடியில் உட்காருங்கள்.

புதுச்சேரியில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும், நாகலிங்க மரம் இருக்கிறதா என்று தேடுவது என் வழக்கம். எங்கள் புதுச்சேரியின் மலர் அதுதான், 2007இல் அறிவித்தார்கள். மரம் வில்வம், பறவை குயில், விலங்கு அணில். நாகலிங்கம் தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம், ஆனால் சிவன் கோயிலில் பார்த்துப் பார்த்து நம் ஊர் மரமாகவே ஆகிவிட்டது. மற்ற மரங்களில் பூ கிளை நுனியில் பூக்கும். இதில் அடிமரத்திலிருந்தே கயிறு கயிறாகக் காம்புகள் புறப்பட்டுத் தொங்கும், அதில்தான் பூ. கீழே விழுந்த பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இதழ் ஆறு, நல்ல சதைப்பற்று. உள்பக்கம் ஆழ்ந்த ரோஜா நிறம், வெளிப்பக்கம் மஞ்சள் கலந்திருக்கும். நடுவில் வட்டமாகக் குட்டி மகரந்தத் தாள்கள், அதன் மேல் ஒரு பட்டை வளைந்து வந்து குடை பிடிக்கும், அந்தப் பட்டையின் அடியிலும் தாள்கள் வரிசையாகத் தொங்கும். விரலால் அந்தப் பட்டையை மெல்லத் தூக்கினால்தான் உள்ளே இருப்பது தெரியும். தேன் கிடையாது இந்தப் பூவில், மகரந்தத்துக்காகவே வண்டுகளும் தேனீக்களும் வருகின்றன. வாசனை காலையில் தூக்கலாக இருக்கும், மத்தியானமும் மிச்சம் இருக்கும். ஒரு எச்சரிக்கை: காய் பீரங்கிக் குண்டு அளவு இருக்கும், பழுத்து விழுந்து உடைந்தால் நாற்றம் தாங்காது. அந்த மரத்துக்கு நேர் கீழே உட்காராதீர்கள், தள்ளி உட்கார்ந்து பாருங்கள்.

மரங்களைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. உங்கள் பக்கம் முந்திரியும் பண்ருட்டிப் பலாவும் போனது உங்களுக்கே தெரியும். இங்கே ஒவ்வொரு வீதியிலும் மரம் சாய்ந்து கிடந்தது. முகவரியே மரத்தை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்த ஊர் இது, "வேப்பமரத்து வீடு", "பாதாம் மரத்தாண்ட" என்று. அந்த வாரம் தபால் எடுத்துக்கொண்டு போனபோது பழகிய வீதியே எனக்குப் புதிதாக இருந்தது, வானம் அவ்வளவு வெளிச்சமாக. அதற்குப் பிறகு ஒரு பெரிய மரம் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தால் நின்று கொஞ்சம் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

சரி, வழிக்கு வருகிறேன். வெயில் தணிந்து நாலு மணி வாக்கில் கிளம்புங்கள். அண்ணா சாலையில் தெற்கே கொஞ்சம் நடந்து சுப்பையா சாலையில் இடப்பக்கம் திரும்பினால் ரயில் நிலையத்துக்கு அருகே திரு இருதய ஆண்டவர் பேராலயம். 1907இல் புனிதப்படுத்தப்பட்ட கோயில். மாலை வெயில் வண்ணக் கண்ணாடி வழியாக உள்ளே விழும், எந்த மதமானாலும் அமைதியாகப் போய் உட்காரலாம். முட்டிக்கும் ஓய்வு. அங்கிருந்து வடக்கே திரும்பி லால் பகதூர் சாஸ்திரி வீதியைப் பிடியுங்கள், நாங்கள் புஸ்ஸி வீதி என்போம். அது நேராகக் கிழக்கே போகும், பெரிய வாய்க்காலைத் தாண்டினால் வெள்ளைக்காரப் பகுதி.

இப்போது நிழல் கணக்கு. இந்த ஊர் வீதிகள் நூல் பிடித்த மாதிரி நேராக இருப்பதற்கு டச்சுக்காரர்கள் 1690களில் இங்கே இருந்தபோது போட்ட திட்டம்தான் அடிப்படை. நேர் வீதி என்பதால் நிழலும் கணக்காக விழும். பிற்பகலில் வடக்கு தெற்காக ஓடும் வீதியில் மேற்கு ஓரமாக நடங்கள், வீட்டு நிழல் அங்கேதான் விழும். கிழக்கு மேற்காக ஓடும் வீதியில் இந்த மாசி மாதத்தில் தெற்கு ஓரம். சித்திரைக்குப் பிறகு இந்தக் கணக்கு மாறிவிடும், அப்போது வந்தால் மறுபடி கேளுங்கள். பை சுமந்தவனுக்கு இது சோறு போட்ட கணக்கு. எந்த வீதியில் எந்த ஓரம் என்று தெரியாமல் மத்தியான டெலிவரி செய்ய முடியாது.

வாய்க்கால் தாண்டியதும் இடப்பக்கம் சில வீதிகள் வடக்கே நடந்தால் பாரதி பூங்கா. அங்கே நடுவில் வெள்ளையாக நிற்பது ஆயி மண்டபம். எங்கள் அரசின் சின்னத்தில் இருப்பதும் அதுதான். கதை தெரியுமா? கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொல்லிவிட்டார். அவள், "நானே இடித்துக்கொள்கிறேன், அவகாசம் கொடுங்கள்" என்று கேட்டு, வீட்டை இடித்த இடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டினாளாம். பிறகு பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஊருக்குள் நல்ல தண்ணீர் இல்லாமல் கஷ்டப்பட்டபோது, முத்திரையர்பாளையத்தில் இருந்த அந்தக் குளத்திலிருந்து லமேரெஸ் என்ற பொறியாளர் தண்ணீரைக் கொண்டுவந்தார். மூன்றாம் நெப்போலியன் காலம் அது. அந்த நன்றிக்காகத்தான் அவள் பெயரில் மண்டபம். ராஜாவுக்கும் தளபதிக்கும் நினைவுச்சின்னம் வைக்கிற உலகத்தில், தண்ணீர் கொடுத்தவளுக்கு ஊரின் நட்ட நடுவில் வைத்தார்கள். நான் யாரை அழைத்துக்கொண்டு போனாலும் அங்கே நிறுத்தி இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

அங்கிருந்து கடற்கரை நாலு எட்டு. பூங்காவிலிருந்து கடல் வரை எல்லாம் சேர்த்தால் இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான் வரும். நிதானமாக நடக்கலாம்.

பதில்
எழுதியவர்: முத்தியால்பேட்டை டீச்சர்

அக்கா, முதலில் உங்கள் கடைசிக் கேள்வி. நான் தனியாகவே போய் உட்கார்ந்திருக்கிறேன், பள்ளிப் பிள்ளைகளோடும் போயிருக்கிறேன். வியாழக்கிழமை மத்தியானம் என்றால் கூட்டம் இருக்காது. ஆனால் ரொம்ப உள்ளே, மூலையில் போய் உட்கார வேண்டாம். தோட்ட வேலை செய்யும் அம்மாக்கள் இருக்கிற பக்கம், பாதையை ஒட்டிய பெஞ்சாகப் பார்த்து உட்காருங்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், அப்புறம் உங்களை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எந்த மரம் எது என்றும் அவர்களுக்குத் தெரியும். ஒரு புத்தகம் கையில் இருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்க வர மாட்டார்கள்.

தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். மத்தியானத்தில் இங்கே நிறையக் கடைகள் சாத்திவிட்டு மாலைதான் திறப்பார்கள், வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியாது. கழிப்பறைக்குப் பஸ் ஸ்டாண்டிலேயோ சாப்பிடும் ஓட்டலிலேயோ போய்விட்டு வருவது நல்லது. குடை அவசியம். செருப்பு பழகினதாக இருக்கட்டும், புதுசு வேண்டாம்.

தபால்காரர் ஐயா சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றுவேன். நாலு மணிக்குக் கிளம்பச் சொல்கிறார், எனக்கு அது சீக்கிரம். தூங்குமூஞ்சி மரம் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து, வெயில் இறங்க இறங்க அதன் இலை மடிவதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கீழே சாயும். காம்படியில் சின்னதாக ஒரு புடைப்பு இருக்கிறது, அதற்குள் தண்ணீர் ஏறி இறங்குவதால்தான் இலை அசைகிறது. மழை மேகம் இருட்டிக்கொண்டு வந்தாலும் மடித்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு இதைப் பாடத்தில் சொன்னால் தலையாட்டுவார்கள், மரத்தடியில் காட்டினால் வாயைப் பிளப்பார்கள். நுழையும்போதே கதவு எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று காவலரிடம் கேட்டுக்கொண்டு, அது வரைக்கும் இருங்கள். பேராலயத்தை விட்டுவிட்டாலும் பரவாயில்லை.

பாரதி பூங்கா போய்ச் சேர்ந்த பிறகு உட்கார்ந்து படிக்கத் தோன்றினால் பக்கத்திலேயே ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. 1827இல் தொடங்கியது, தாவரவியல் பூங்காவுக்கு ஒரு வயது இளையது.

பதில்
எழுதியவர்: கோண்டூர் பையன்

அக்கா, மரத்தடியில் உட்காரத்தான் என்றால் எதற்குப் பஸ் ஏறிப் போகணும்? நம் கடலூரிலேயே சுப்பராயலு பூங்கா இருக்கிறது. மெட்ராஸ் மாகாணத்துக்கு 1920இல் முதன்முதலாக முதலமைச்சரான சுப்பராயலு ரெட்டியார் நம் கடலூர்க்காரர், அவர் பெயரில் இருக்கிற பூங்கா. அப்படியே வெள்ளிக் கடற்கரைக்கும் போய்விடலாம். நம் ஊரை நாமே கண்டுகொள்ளாமல் விட்டால் யார் பார்ப்பார்கள்? போக்குவரத்துக்கே இரண்டு மணி நேரம் போய்விடுமே.

பதில்
எழுதியவர்: மஞ்சக்குப்பம் கணக்கர்

தம்பி, நீ சொல்வது நியாயம்தான். சுப்பராயலு பூங்காவுக்கு நான் அடிக்கடி போகிறவள். ஆனால் அங்கே உட்கார்ந்தால் "என்ன மேடம், இன்னைக்கு ஆபீஸ் இல்லையா?" என்று யாராவது வந்து நிற்பார்கள். யாருக்கும் என்னைத் தெரியாத இடத்தில் ஒரு மத்தியானம் வேண்டும். பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டினாலே அந்த எண்ணம் வந்துவிடுகிறது எனக்கு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற நேரத்தையும் லீவில்தான் சேர்த்திருக்கிறேன்.

தபால்காரர் ஐயாவுக்கும் டீச்சரம்மாவுக்கும் ரொம்ப நன்றி. நிழல் கணக்கை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். ஐயா, இன்னும் இரண்டு சந்தேகம். நான் கதவு சாத்தும் வரை பூங்காவிலேயே இருந்துவிட்டால், மிச்சத்தில் எதை விடலாம்? அப்புறம், கடற்கரையிலிருந்து திரும்பும்போது முட்டி ஒத்துழைக்காவிட்டால் பஸ்ஸுக்கு எப்படி வருவது?

பதில்
எழுதியவர்: பழைய தபால்காரர், நெல்லித்தோப்பு

டீச்சரம்மா சொல்வது சரிதான், இலை மடிவதைப் பார்க்க வேண்டும் என்றால் கடைசி வரை இருக்கத்தான் வேண்டும். அப்படியானால் பேராலயத்தை விட்டுவிடுங்கள். ஆயி மண்டபத்தை மட்டும் விடாதீர்கள். அண்ணா சாலையைத் தாண்டி புஸ்ஸி வீதியில் நேராக நடந்து, வாய்க்கால் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் போதும். வழியில் கடைகள் திறக்கிற நேரம், மிஷன் வீதி முனையில் கொஞ்சம் வண்டி நெரிசல் இருக்கும், பார்த்துக் கடந்து வாருங்கள்.

கோண்டூர் தம்பிக்கும் ஒரு வார்த்தை. ஊர்ப் பூங்காவை விட்டுக்கொடுக்காமல் பேசினீர்கள், சந்தோஷம். நான் அடுத்து கடலூர் வந்தால் சுப்பராயலு பூங்காவுக்கு நிச்சயம் போகிறேன். அங்கே என்னென்ன மரம் இருக்கிறது என்று எழுதுங்கள், ஆவலாக இருக்கிறேன்.

தங்கச்சி, திரும்பும்போது நடக்க வேண்டாம். கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்துச் சுவரில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் சுண்டல் சாப்பிட்டுவிட்டு, காற்று வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். கடற்கரைச் சாலைக்குள் ஆட்டோ வராது, அதனால் ஒரு வீதி உள்ளே வந்து பிடிக்க வேண்டும். ஏறும் முன் வாடகையைப் பேசிவிடுங்கள். கடலூர் பஸ்ஸுக்கு இரவிலும் பஞ்சம் கிடையாது. ஆனால் ஏழு மணி வாக்கில் வேலை முடிந்து போகிறவர்கள் கூட்டம் ஏறும், உட்கார இடம் கிடைக்காது. ஒன்று அதற்கு முன்னால் வந்துவிடுங்கள், இல்லையென்றால் எட்டு மணி ஆகட்டும் என்று கடற்கரையிலேயே இருந்துவிட்டு வாருங்கள். முட்டியை நினைத்தால் இரண்டாவதுதான் நல்லது. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.